தாமிரபரணிக் கரையில் – 14
கழித்த பீடி சொன்ன சாட்சி

போன வாரம் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் பீடி சுற்றும் பெண்களின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் புகையிலைத் தூளும் நெஞ்சுச் சளியும் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் பழைய தீர்ப்புகள் சில கையில் சிக்கிவிட்டன. அவற்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

முக்கூடலில் சுளகை மடியில் வைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்த அக்காவிடமும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “வீட்லதாம் இருக்கேன், பீடி சுத்துதேன்” என்பார். இலையை நனைத்து, அச்சு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, 25 பீடிக்கு ஒரு கட்டு என்று 1,000 பீடி தேற்றுவதற்குள் பகல் போய்விடும். சோறு பொங்குவதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் நடுநடுவே. பீடி முதலாளிகள் பல ஆண்டுகளாக நீதிமன்றத்தில் வைத்த வாதமும் கிட்டத்தட்ட இதுதான்: அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், நினைத்தபோது சுற்றுகிறார்கள், பக்கத்தில் நின்று வேலை வாங்க ஆளில்லை, ஆகவே அவர்கள் எங்கள் தொழிலாளிகள் இல்லை.

இனி கம்பெனி வாசலுக்குப் போவோம். காலையில் பெண்கள் பீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் கட்டைப் பிரிக்கிறார், அமுக்கிப் பார்க்கிறார். இது லூஸ், இது குட்டை, இது இலை கிழிசல் என்று எடுத்து ஒதுக்குகிறார். ஒதுக்கிய பீடிக்குக் கூலி இல்லை. இலை சரியில்லாமல் கொடுத்தது கம்பெனியாக இருந்தாலும் கழிவு அவள் தலையில்தான். இந்த வேலையில் பெண்கள் அதிகம் அவமானப்படும் இடம் இதுதான்.

அந்தக் கழிவைத்தான் உச்ச நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொண்டது!

முதலில் 1960. நாக்பூர் பீடித் தொழிற்சாலை ஒன்றின் ஆட்கள் விடுப்புக்குக் கூலி கேட்டார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாதவனுக்கு விடுப்பு எதற்கு என்றார் முதலாளி பிர்திசந்த் சர்மா. தரமில்லாத பீடியை மாலையில் கழிக்க உனக்கு உரிமை இருக்கிறதல்லவா, அதுவே நீ வேலையைக் கட்டுப்படுத்துவதற்குச் சான்று என்றது நீதிமன்றம். அடுத்து 1973, ஆந்திராவின் சில்வர் ஜூப்ளி தையலகம். தைத்த துணியைத் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்ல முடியுமென்றால் அங்கே முதலாளி – தொழிலாளி உறவு இருக்கிறது என்று தீர்ப்பானது. கடைசியாக 1985, பி.எம். படேல் அண்ட் சன்ஸ் வழக்கு. பீடித் தொழிலுக்குப் பி.எஃப். சட்டம் 1977லேயே வந்துவிட்டது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி. பொருந்தும் என்றது நீதிமன்றம். மூலப்பொருளைக் கொடுப்பதும், சுற்றியதை வாங்குவதும், பிடிக்காததைக் கழிப்பதும் ஒரே கை என்றால் அந்தக் கைக்கு உரியவரே முதலாளி.

நான் இதை மறுபடி மறுபடி வாசித்தேன். ஒருத்தியைத் தலைகுனிய வைக்கும் அதிகாரமே அவளைத் தொழிலாளி என்று நிரூபித்திருக்கிறது. வாசலில் அவள் பீடியைக் கழித்தவர், தனக்கே தெரியாமல் அவள் ஓய்வுக்காலச் சேமிப்புக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2021இல் லண்டனில் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பயணிகள் போடும் நட்சத்திர மதிப்பெண்ணை இதே கண்ணோடு பார்த்தது. மதிப்பெண் குறைந்தால் வண்டியை நிறுத்த முடிகிற கம்பெனி, நான் வெறும் தரகன் என்று சொல்லித் தப்ப முடியாது என்றது. நம் ஊரில் சோற்றுப் பொட்டலம் சுமந்து ஓடும் பையன்களுக்கு அந்த வாதத்தை எடுத்துக்கொடுக்க முக்கூடல் அக்காவுக்கு முழுத் தகுதி உண்டு. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ அந்தப் பையன்களை வழக்கமான தொழிலாளர் கணக்கில் சேர்க்காமல் தனி வகையாக ஒதுக்கியிருக்கிறது. அது எனக்குச் சம்மதமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கக் கேரளத்துக் கண்ணூரைப் பற்றி ஒரு பத்தி. அங்கே பீடி சுற்றியவர்களில் ஆண்கள் அதிகம், எல்லோரும் ஒரே கூடத்தில். தங்களில் ஒருவரைச் செய்தித்தாள் வாசிக்க உட்காரவைத்து, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக்கொடுப்பார்கள். 1966இன் பீடித் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பேச்சு வந்ததும் 1968இல் கணேஷ் பீடி கம்பெனி அங்கே கடையைக் கட்டியது. வேலையிழந்தவர்கள் 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கிவிட்டார்கள். கூடி உட்கார ஒரு கூடம் இருந்தது அவர்களுக்கு. இங்கே ஆளுக்கொரு திண்ணை. கூட்டம் சேருவது கம்பெனி வாசலில் மட்டும், அதுவும் கழிவை எண்ணிக்கொண்டு. நம் பெண்களிடம் துணிச்சல் இல்லை என்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

தீர்ப்பு எட்டாத இடமும் உண்டு. கம்பெனி கணக்கு எழுதும் பாஸ்புக் இல்லாதவள் அத்தை பேரில் பீடி போடுகிறாள். தாய்க்கு ஒத்தாசையாக முனை மடக்கும் மகள் எந்த ஏட்டிலும் இல்லை. அவள் பீடியும்தான் கழிக்கப்படுகிறது. சாட்சி இருந்தும் அவளுக்கு வழக்கு இல்லை. பேர் மாற்றிப் போடுவதை வீட்டு ஏற்பாடு என்று விட்டுவிடக் கூடாது. சுற்றுகிற ஒவ்வொருத்திக்கும் அவள் பேரிலேயே பாஸ்புக் வேண்டும். சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது இதை என்று நினைக்கிறேன்.

நெஞ்சுச் சளி அடுத்த வாரத்துக்குப் போகிறது. பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு நடத்தும் 30 படுக்கை மருத்துவமனை முக்கூடலில் இருக்கிறது. அதற்குப் பணம் வந்த வழி 1976இன் நல நிதிச் சட்டமும், அதோடு பீடி மீது விதித்த செஸ் வரியும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தச் செஸ்ஸை எடுத்துவிட்டார்கள். சளியிலிருந்து தொடங்கி அந்தச் செஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

(தொடரும்)