ஆற்றலா, ஆளா?



2001ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெற்றபோது, "உங்கள் சமயம் எது?" என்ற கேள்விக்கு 3,90,127 பேர் ‘ஜெடாய்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்குள்ள சீக்கியர்களை விடவும் யூதர்களை விடவும் இந்த எண்ணிக்கை அதிகம். இது என்ன புதுச் சமயம் என்று திகைக்க வேண்டாம். ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் அறிவியல் புனைகதைத் திரைப்படத் தொடரில், ஒளிவாள் ஏந்திப் போரிடும் வீரர்களின் பெயர்தான் ஜெடாய். அப்படி எழுதும்படி மின்னஞ்சல் வழியாக ஒரு பிரச்சாரம் நடந்தது. பலர் வேடிக்கைக்காகவே எழுதினர். அரசும் அவர்களைச் ‘சமயம் இல்லாதோர்’ பட்டியலில்தான் சேர்த்தது. 2011இல் அந்த எண்ணிக்கை 1,76,632 ஆகக் குறைந்தது. 2021இல் இரண்டாயிரத்தைக்கூட எட்டவில்லை.

வேடிக்கை தீர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் படங்களின்மீது கொண்ட பற்று தீரவில்லை. 1977 மே 25 அன்று ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய முதல் படம் வெளிவந்தது. அன்று அதைப் பார்த்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் மே 4ஆம் நாளை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தேதியை ஆங்கிலத்தில் சொன்னால், படத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொற்களைப் போலவே ஒலிக்கும். ‘ஃபோர்ஸ்’ என்ற பேராற்றல் உன்னோடு இருக்கட்டும் என்பதே அந்த வாழ்த்து. திருப்பலியில் குருவானவர் நம்மை வாழ்த்துவது உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா? அங்குள்ள கத்தோலிக்க ரசிகர்களுக்கும் வந்தது. யாராவது அப்படி வாழ்த்தினால், திருப்பலியில் மக்கள் சொல்லும் பதிலையே சொல்லிச் சிரிப்பார்கள்.

இளைஞர்களிடம் ஓர் ஆன்மீகத் தேடலை எழுப்பவே அந்த ஆற்றலைக் கதையில் வைத்ததாக லூகாஸ் 1999இல் ஒரு நேர்காணலில் கூறியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஆற்றல் எப்படிப்பட்டது? அது எல்லா உயிர்களையும் சூழ்ந்து இணைக்கிறது. பயிற்சி பெற்றவர் அதைப் பயன்படுத்தலாம். நல்லவரும் பயன்படுத்தலாம், கெட்டவரும் பயன்படுத்தலாம். அதற்கு யாருடைய பெயரும் தெரியாது. அது யாரையும் அன்பு செய்வதில்லை, மன்னிப்பதில்லை. சுருங்கச் சொன்னால், அது ‘அது’தான்; ‘அவர்’ அல்ல.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் "தூய ஆவி யார்?" என்று கேட்டால், "சக்தி, ஃபாதர்" என்ற பதிலே முதலில் வருகிறது. இத்தனைக்கும் அவர்களில் பலர் ஸ்டார் வார்ஸ் பார்த்ததில்லை! நம் பெரியவர்கள் ‘பரிசுத்த ஆவி’ என்று செபித்தார்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘தூய ஆவியார்’ என்று எழுதியது. ‘ஆர்’ என்னும் அந்தச் சிறு விகுதிக்குள் ஒரு மறைக்கல்வி வகுப்பே அடங்கியிருக்கிறது. மூவொரு கடவுளில் தூய ஆவியார் மூன்றாம் ஆள். அவரை வருத்தமுறச் செய்ய வேண்டாம் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதுகிறார் (எபே 4:30). மின்சாரத்தை யாராலும் வருத்தப்படுத்த முடியாது.

ரசிகர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அவர்களுள் ‘501ஆவது படையணி’ என்றொரு அமைப்பு 1997இல் அமெரிக்காவில் தொடங்கியது. இன்று பல நாடுகளில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். படத்தின் வில்லன் கூட்டத்தாருடைய உடைகளைச் சொந்தச் செலவில் செய்து அணிந்துகொண்டு, மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைகளைச் சந்திக்கிறார்கள். அதைத் தொடங்கியவரின் சிறுமகளுக்கு மூளையில் கட்டி வந்தது. கதையில் வருவதுபோல ஓர் எந்திரன் தங்கையைக் காவல் காக்கட்டும் என்று அவளுடைய அக்கா விரும்பினாள். எந்திரன் செய்வதில் ஆர்வமுள்ள ரசிகர்கள், அதற்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசி 2005 ஜூலையில் அனுப்பிவைத்தார்கள். அடுத்த மாதம் அந்தக் குழந்தை ஏழு வயதில் இறந்தாள். 2015இல் வெளிவந்த படத்தில் ஓர் இளஞ்சிவப்பு எந்திரன் சில நொடிகள் தோன்றுவது அவளுடைய நினைவாகத்தான். அந்த வீட்டிற்கு ஆறுதல் தந்தது கதையில் வரும் ஆற்றலா? முகம் தெரியாத மனிதர்கள் ஒரு குழந்தையின் பெயரை அறிந்து, அவளுக்காகத் தங்கள் நேரத்தைச் செலவிட்டார்கள். அதுதான் ஆறுதல்.

"ஃபாதர், பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்க்கலாமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு, தாராளமாகப் பார்க்கலாம் என்பேன். நூறு முறை பார்க்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைச் சந்தித்தவர் சர் அலெக் கின்னஸ். முதல் படத்தில் முதிய ஜெடாய் குரு ஓபி-வானாக நடித்த ஆங்கில நடிகர், நம் கத்தோலிக்கர். ஒரு சிறுவன் அவரிடம் வந்து, அந்தப் படத்தை நூறு முறைக்கும் மேல் பார்த்ததாகப் பெருமையோடு சொன்னான். இனி அதைப் பார்ப்பதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுப்பாயா என்று கின்னஸ் கேட்டார். பையன் அழுதுவிட்டான், தாய்க்குக் கோபம் வந்தது. 1999இல் வெளியான தம் நூலில் கின்னஸே இதை எழுதியிருக்கிறார். கடுமைதான், நானாக இருந்தால் வேறுவிதமாகச் சொல்லியிருப்பேன். ஆனாலும், லிஸ்திராவில் மக்கள் தங்களைத் தெய்வமாக்கிப் பலியிட வந்தபோது பவுலும் பர்னபாவும் மேலுடைகளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்தினுள் பாய்ந்ததை நினைத்துப் பார்க்கிறேன் (திப 14). தன் வேடத்திற்கு வரும் பக்தியை ஏற்றுக்கொள்ள கின்னஸ் மறுத்தார்.

வேடம் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். 1954இல் வெளிவந்த ‘ஃபாதர் பிரவுன்’ படத்தில் அவர் குருவாக நடித்தார். பிரான்சின் பர்கண்டி பகுதியில் படப்பிடிப்பு. ஒரு மாலையில், வேடத்தைக் கலைக்காமல் அங்கியோடு தங்கும் இடத்திற்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். அறிமுகமில்லாத ஒரு சிறுவன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, ‘தந்தையே’ என்று அழைத்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே கூட நடந்தான். தன் மொழி அரைகுறை என்பதால் பையன் பயந்துவிடுவானோ என்று கின்னஸ் வாய் திறக்கவில்லை. சற்றுத் தொலைவு போனதும் பையன் விடைபெற்று வேலியைத் தாண்டி ஓடிவிட்டான். முன்பின் தெரியாத ஒரு குருவிடம் ஒரு குழந்தை இவ்வளவு நம்பிக்கையோடு வர முடிகிறது என்றால், இந்தத் திருச்சபையைப் பற்றித் தான் கேட்டதெல்லாம் உண்மையாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. 1956இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவருடைய துணைவியாரும் சேர்ந்தார்.