பாதம் கழுவுதலும் பாதம் காத்தலும்

வேதத்தில் படிப்பதை அன்றாட வாழ்வில் எப்படிக் கைக்கொள்வது என்ற கேள்விக்கு நம் கொல்லிமலையிலேயே ஒரு விடை உண்டு.

1913ஆம் ஆண்டு மணம் முடித்த ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் பிராண்டு என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் இம்மலையில் குடியேறி ஊழியம் செய்தனர். அக்காலத்தில் மலைமக்களை நரம்புச்சிலந்தி நோய் வாட்டியது. ஒரு மீட்டர் நீளம் வரை வளரும் புழு, காலில் கொப்புளமாய் வெளிப்படும். இழுக்கும்போது அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைக்கும். ஆகவே அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதளவே வெளியே எடுக்க வேண்டும். அப்பணியை ஜெஸ்ஸி பொறுமையோடு செய்தார். புண்பட்ட கால் நீரில் படும்போது நோய் பரவுவதை அறிந்திருந்த அவர், கிணறுகளுக்குள் எவரும் இறங்காதபடி சுற்றுச்சுவர் எழுப்பவும் கற்பித்தார். 1929இல் கருநீர்க் காய்ச்சல் அவர் உயிரைப் பறித்தது. எவலின் அம்மையார் தள்ளாத முதுமையிலும் கோலூன்றி மலையூர்களுக்கு நடந்து, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

அவர்களுடைய மகன் பால் பிராண்டு 1914இல் பிறந்து, இம்மலையிலேயே வளர்ந்தவர். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்று, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். தொழுநோயில் சதை தானே அழுகி விரல்கள் உதிர்வதாக அன்று பலரும் நம்பினர். நரம்புகள் பாதிக்கப்பட்டு வலி தெரியாமல் போவதால், கவனிக்கப்படாத காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று அவர் உணர்த்தினார். உறங்கும் நோயாளியின் விரலை எலி கடித்தாலும் அவர் விழிப்பதில்லை. இதனால் வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது.

இன்று இதே ஆபத்தைச் சர்க்கரை நோயாளிகளிடம் காண்கிறோம். நோய் நெடுநாள் கட்டுப்படாதிருந்தால் பாத நரம்புகள் மரத்துப் போகின்றன. முள் குத்தியதும், குளிர்காயும்போது நெருப்புச் சுட்டதும் தெரிவதில்லை. அச்சிறு புண் முற்றி, காலையே அகற்ற நேரிடலாம்.

ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் கூறுகிறார். மரத்துப்போன பாதத்தின் துன்பமோ அதே உடலுக்கு எட்டுவதில்லை. அதைக் கண்டறிய வீட்டார் கண்களே உதவ வேண்டும்.

ஒவ்வொரு நாளும் உறங்குமுன் அவருடைய பாதங்களைக் கழுவுங்கள். நீரின் சூட்டை முதலில் உங்கள் முழங்கையால் சோதியுங்கள். விரலிடுக்குகளின் ஈரத்தை மெல்லத் துடையுங்கள். உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, வீக்கம் எது தென்பட்டாலும் மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். காய்ச்சலோ சீழோ கருநிறமோ இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டா. காலாணியைப் பிளேடால் அறுக்காதீர்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியட்டும். அணியுமுன் அதை உதறிப் பார்க்கட்டும். தனியே வாழ்பவர், தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைத் தாமே பார்க்கலாம்.

பெரியவர்கள் பலர் இதற்கு இசைவதில்லை. மகனோ மருமகளோ தம் காலைத் தொடுவதில் கூச்சம். பிறருக்குத் தொல்லை தருகிறோமே என்ற தயக்கம். இதனால் புண்ணை மறைத்து, காலம் கடந்தபின் வருகின்றனர். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் பேதுருவும் இப்படித்தான் தயங்கினார். இயேசு தம் பாதங்களைக் கழுவுவதை அவர் முதலில் மறுத்தார், பின்னர் இசைந்தார். அன்பைக் கொடுப்பதைப் போலவே, அதைத் தாழ்மையோடு ஏற்றுக்கொள்வதும் விசுவாசத்தின் ஒரு பகுதியே.

நீங்கள் எந்தச் சமயத்தவராயினும் இப்பணி உங்களுக்கும் உரியது. குடும்ப ஜெபமோ இரவு உணவோ முடிந்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பாத்திரம் நீர், ஒரு துண்டு, ஒரு விளக்கு போதும். இன்றிரவே தொடங்குங்கள்.