பலகையை அறுக்கும் முன் வரைபடத்தில் ரயில் ஓட்டுங்கள்

மாதிரி ரயில் பாதை அமைக்க விரும்பும் பலர் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம் எல்லாம் வாங்கிப் பலகையில் பொருத்திய பிறகே கோளாறு தெரிகிறது. அப்போது திருத்துவதற்குப் பணமும் பல வார உழைப்பும் செலவாகும். அதே கோளாறு காகிதத்தில் தெரிந்தால் ஓர் அழிப்பான் போதும்.

வரைபடத்தை எப்படிச் சோதிப்பது? அமெரிக்காவில் பலர் தொடங்கும் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம். அதில் ஓடப்போவது எச்.ஓ. அளவு ரயில், அதாவது அசல் ரயிலில் 87இல் ஒரு பங்கு.

முதலில் வளைவு. 85 அடி நீளமுள்ள பயணிகள் பெட்டி இந்த அளவில் சுமார் 30 செ.மீ. இருக்கும். சிக்கலின்றி ஓட, வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்கு இருப்பது நல்லது. அப்படியானால் ஆரம் 90 செ.மீ. ரயில் திரும்புவதற்கே 180 செ.மீ. அகலம் வேண்டும். பலகையோ 120தான்! 40 அடி சரக்குப் பெட்டி என்றால் 14 செ.மீ.; அது 46 செ.மீ. ஆரத்தில் நன்றாகத் திரும்பும்.

அடுத்து ஏற்றம். ஒரு பாதைக்கு மேல் மற்றொன்று பாலத்தில் செல்ல ஏறக்குறைய 7.5 செ.மீ. உயர வேண்டும். 2 விழுக்காட்டுச் சரிவில் ஏறுவதற்கு 375 செ.மீ., இறங்குவதற்கு 375 செ.மீ., ஆக 750. இந்தப் பலகையை ஒருமுறை சுற்றிவரும் பாதையின் நீளமே சுமார் 565 செ.மீ.தான். சரிவை 4 விழுக்காடாக்கினால் இடம் போதும். ஆனால் எஞ்சின் இழுக்கக்கூடிய பெட்டிகள் குறைந்துவிடும். பாலமா, நீண்ட ரயிலா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதாக, ரயிலை ஓட்டிப் பாருங்கள். படத்தின் அளவுக்கேற்ப அட்டைத் துண்டுகளை வெட்டி, பெட்டிகளாக நகர்த்துங்கள். பக்கத் தடத்தில் முழு ரயிலும் அடங்குகிறதா? எஞ்சின் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வர முடிகிறதா? ரயில் வளைந்து வந்த தடத்திலேயே திரும்பிச் சேரும் வளையம் இருந்தால், இரு தண்டவாளங்களின் மின்சாரமும் சந்தித்து ஷார்ட் சர்க்கியூட் ஆகும். அந்தப் பகுதியைத் தனியே பிரிக்க வேண்டும் என்று படத்திலேயே குறித்துவிடுங்கள்.

கடைசியாக, கை எட்டுமா? வசதியாக எட்டக்கூடியது சுமார் 75 செ.மீ. அடுக்குமாடி வீட்டின் சிறிய அறையில் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், பின்பக்கம் தடம் புரண்ட ரயிலைத் தூக்க முடியாது. மேசைக் கால்களில் சக்கரம் பொருத்தினால் வேண்டும்போது வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் ஈடுகொடுத்த வரைபடத்தை உண்மையான அளவில் தாளில் வரைந்து தரையில் விரித்துப் பாருங்கள். பாயிண்ட்கள் அமையும் இடங்களை மறுபடியும் அளந்துகொள்ளுங்கள். பிறகு கடைக்குப் போனால், வாங்க வேண்டியவற்றின் பட்டியல் கையில் இருக்கும். தேவையற்ற செலவும் இராது.