ஒளிரும் சிலிக்காத் துணிக்கைகளின் மேற்பரப்பு

ஒரு பொருளின் இயல்பை அறிய விழைவோர் அதனை உடைத்து உள்ளே நோக்குதல் வழக்கம். கல்லுக்கும் கண்ணாடிக்கும் அது பொருந்தும். ஆயின் பொருள் சிறுத்துச் சிறுத்து நனோமீற்றர் அளவை எய்துமிடத்து உள்ளீடு அருகிப் புறமே அதன் குணத்தை ஆளத் தொடங்குகின்றது. மருத்துவ ஆய்வாளர் போற்றும் ஒளிரும் சிலிக்காத் துணிக்கைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு. 6 நனோமீற்றர் விட்டமுள்ள சிலிக்காக் கோளமொன்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 113 சதுர நனோமீற்றர். கனவளவும் 113 கன நனோமீற்றரே. (ஆரை 3 ஆதலின் இவ்வெண்கள் ஒன்றாயின, மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம்.) அதனுள் அடங்கும் சிலிக்கன் அணுக்கள் ஏறக்குறைய 2,300. நீரேறிய சிலிக்காவின் புறத்தே சதுர நனோமீற்றர் ஒன்றுக்கு 5 வரையிலான ஐதரொட்சிற் கூட்டங்கள் உண்டு. ஆகவே இக்கோளத்தில் அத்தகைய கூட்டங்கள் ஏறத்தாழ 550 நிற்கும். அஃதாவது நான்கு சிலிக்கன் அணுவுக்கு ஒன்று என்னும் வீதம். சிலனோல் எனப்படும் இக்கூட்டங்கள், பீஎச் பெறுமானம் 3இன் மேற் செல்லச் செல்லப் புரோத்தனை இழந்து, மேற்பரப்புக்கு மறையேற்றம் அளிக்கின்றன. துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளி நீரிற் கலைந்து நிற்பதற்கு இவ்வேற்றமே பெருங்காரணம்.

எதனோலிற் சிலிக்கன் எசுத்தரை அமோனியாவின் துணையால் நீர்ப்பகுத்து ஒரே பருமனுள்ள கோளங்களை ஆக்கும் முறையை ஸ்ரோபர், ஃபிங்க், போன் ஆகிய மூவர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சாயத்தை வெறுமனே கலந்தால் அது கசிந்துவிடும். ஒருமுனையில் அமைனும் மறுமுனையிற் சிலிக்காவோடு பிணையுங் கூட்டங்களும் உடைய சேர்வையொன்றாற் சாயத்தைக் கோளத்தோடு கட்டும் வழியை 1992இல் ஒல்லாந்து நாட்டு ஆய்வாளர் இருவர் காட்டினர்.

இத்தகைய துணிக்கை குருதியிற் புகுந்தால், முதலில் அதனைத் தீண்டுவன புரதங்கள். அவை புறத்தே படிந்தால் ஈரல் அதனைப் பிடித்துவைக்கும். இதனைத் தவிர்க்கவே பொலியெதிலீன் கிளைக்கோற் சங்கிலிகளாற் போர்த்துகின்றனர். போர்வையோடு ஏறத்தாழ 6 நனோமீற்றருக்கு உட்பட்டவை சிறுநீரக வழியே வெளியேறும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வீஸ்னர் குழுவினர் உருவாக்கிய துணிக்கைகளை மனிதரிற் பரிசோதிக்க 2011இல் ஐக்கிய அமெரிக்கா அனுமதியளித்தது. மெலனோமா என்னும் புற்றுநோயாளர் ஐவரிற் கண்ட பயன் 2014இல் வெளியாயிற்று. அவை பெரும்பாலும் சிறுநீருடன் நீங்கின.

போர்வை செவ்வனே அமைந்ததை எங்ஙனம் அறிவது? மின்புலத்திற் துணிக்கை நகரும் வேகத்தைக் கொண்டு அதன் ஏற்றத்தை மதிப்பிடலாம். அமைன் கூட்டங்கள் உளவாயின் நின்ஐதரின் ஊதா நிறங் காட்டும். இரண்டும் பயனுடையனவே, எனினும் இரண்டும் சராசரியையே கூறுவன. வகுப்பின் சராசரிப் புள்ளி ஐம்பது என்றால், எல்லோரும் ஐம்பது பெற்றனரா, பாதிப்பேர் நூறு பெற்றனரா என்பது விளங்காதன்றோ? படங்களில் இத்துணிக்கைகளை ஒரே அச்சில் வார்த்த பந்துகளாக வரைவது கண்ணுக்கு இனிது, உண்மைக்குச் சேய்மையானது.

2019இல் வீஸ்னர் குழுவினர் உயர்திறத் திரவ நிறப்பதிவியலைக் கையாண்டனர். எண்ணெய்த்தன்மை பொருந்திய நிரலினூடே துணிக்கைகளைச் செலுத்தினால், நீரை வெறுக்கும் இடங்கள் புறத்தே உடையவை அதனைப் பற்றித் தாமதித்து வெளிவரும். ஒரே பருமன் எனக் கருதப்பட்டவை பல சிகரங்களாகப் பிரிந்தன. உள்ளே முற்றாகப் புதையாது மேற்பரப்பிலே தங்கிய சாய மூலக்கூறுகளே போர்வையினிடையே நீர்வெறுக்கும் திட்டுகளை உண்டாக்கியிருந்தன. அத்தகைய திட்டு ஒன்றுடையதும் இரண்டுடையதும் வெவ்வேறு நேரத்தில் வந்தன. அச்சாயம் நேரேற்றமுடையது. எனவே தொகுப்பின்போது அமோனியாவின் செறிவை உயர்த்திச் சிலிக்காவின் மறையேற்றத்தைக் கூட்டினர். சாயம் உட்புறம் ஈர்க்கப்பட்டது, சிகரங்கள் குறைந்தன.