இரட்டைப் பிணைப்பும் புளோரினும்

சித்திரை வெயிலில் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குக் காரில் செல்வதாக வைத்துக்கொள்வோம். வெளியே அனல், காருக்குள் குளுமை. குளிர்சாதனக் குழாயிலிருந்து சிறிது வாயு வழியில் கசிந்துவிட்டால், அது எத்தனை காலம் காற்றில் உலவும்?

மூலக்கூறின் அமைப்பைப் பொறுத்தது அது. 1990-களிலிருந்து கார்களில் பெரிதும் நிரப்பப்பட்டு வந்தது 134ஏ என்னும் வாயு. காற்றிலுள்ள ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்புதான் இதை அழிக்க வல்லது. அதற்கு அது 134ஏ மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்க வேண்டும். இது மெதுவாகவே நடக்கும். ஆகவே இவ்வாயுவின் ஆயுள் ஏறத்தாழ 14 ஆண்டுகள். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்கு மேல் இது புவியைச் சூடாக்கும்.

ஆல்கீன்களின் கதை வேறு. இவற்றில் இரு கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உண்டு. அங்கே எலக்ட்ரான்கள் செறிந்திருப்பதால், ஹைட்ராக்சில் எதையும் பிடுங்காமல் நேரே சேர்ந்துகொள்ளலாம். புரோப்பீன் என்னும் ஆல்கீன் காற்றில் அரை நாள்கூட நிலைப்பது அரிது.

புரோப்பீனிலுள்ள ஆறு ஹைட்ரஜன்களில் நான்கை நீக்கிப் புளோரினை வைத்தால் 1234ஒய்எஃப் என்னும் புதிய குளிர்பதன வாயு கிடைக்கிறது. புளோரின் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும். இரட்டைப் பிணைப்பின் செறிவு குறைகிறது. வினை சுமார் 25 மடங்கு மந்தமாகிறது. எனினும் கதவு அடைபடவில்லை. ஆயுள் ஏறக்குறைய 12 நாள்! புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைவிடக் குறைவு.

புளோரின் வேகத்தை மட்டுமன்று, இடத்தையும் தீர்மானிக்கும். வினைல் புளோரைடுடன் தனி ஹைட்ரஜன் அணு வினைபுரியும்போது, பெரும்பாலும் புளோரின் இல்லாத கார்பனிலேயே போய்ச் சேர்கிறது.

கிகாலி நகரில் 2016-இல் செய்யப்பட்ட உடன்பாட்டை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி 134ஏ போன்ற வாயுக்களை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். செங்கற்பட்டை அடுத்த மகேந்திரா சிட்டியில் கார் தொழிற்சாலை இருப்பதால், இது நம் வாசலுக்கே வரும் செய்தி.

ஆனால் புதிய வாயுவிலும் இரு குறைகள் உள்ளன. ஒன்று, அது ஓரளவு தீப்பற்றும். மற்றொன்று, அது சிதைந்தபின் டிரைபுளோரோ அசெட்டிக் அமிலம் எஞ்சுகிறது. இது மழையில் கரைந்து இறங்கும், எளிதில் அழியாது. கடலில் விழுந்தால் கடலில் கலக்கும். கொளவாய் ஏரியில் விழுந்தால்? நீர் ஆவியாகும், இது தங்கிவிடும்.

ஒரு பொருள் விரைவில் மறைவது மட்டும் போதாது. மறைந்தபின் எதுவாக மாறுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.