குழந்தைகளின் பற்பராமரிப்பு

குழந்தைகளின் பற்பராமரிப்பு என்பது பல் முளைப்பதற்கு முன்பிருந்து பதின்ம வயது வரை பற்களையும் ஈறுகளையும் நோயின்றிக் காக்கும் நடைமுறைகளைக் குறிக்கும். பால்பற்கள் எப்படியும் விழுந்துவிடும் என்பதால் அவற்றுக்குத் தனிக் கவனிப்பு தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. உண்மையில் பின்புறப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்கின்றன. அவை உணவை மெல்லவும் தெளிவாகப் பேசவும் உதவுவதோடு, பின்னர் வரும் நிரந்தரப் பற்களுக்கான இடத்தையும் காத்து வைக்கின்றன.

பற்கள் முளைக்கும் காலம்

பால்பற்கள் மொத்தம் 20. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ்த்தாடையின் நடுப்பற்கள் 6 மாத அளவில் முதலில் தோன்றுகின்றன. இரண்டரை முதல் 3 வயதுக்குள் எல்லாப் பால்பற்களும் வந்துவிடும். 6 வயதில் பால்பற்கள் விழத் தொடங்குகின்றன. 12 அல்லது 13 வயதுக்குள் 28 நிரந்தரப் பற்கள் அமைகின்றன. எஞ்சிய 4 ஞானப்பற்கள் 17 வயதுக்குப் பிறகு முளைக்கலாம். சிலருக்கு முளைக்காமலும் போகலாம்.

சொத்தை உண்டாகும் விதம்

பல்லின் மேல் படியும் படலத்தில் வாழும் நுண்ணுயிரிகள் உணவிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. இந்த அமிலம் எனாமலில் உள்ள கால்சியத்தையும் பாசுபேட்டையும் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை ஓரளவு மீட்டுத் தருகிறது. இதற்குச் சிறிது நேரம் தேவை. எனவே எவ்வளவு இனிப்பு உண்ணப்படுகிறது என்பதைப் போலவே, எத்தனை முறை உண்ணப்படுகிறது என்பதும் முக்கியம். ஒரு மிட்டாயை உணவோடு சேர்த்து உண்பதைவிட, நாள் முழுதும் இனிப்பைச் சிறிது சிறிதாகச் சுவைப்பது பல்லுக்கு அதிகக் கேடு. பால்பற்களின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை விரைவில் நரம்புப் பகுதியை எட்டிவிடும்.

கைக்குழந்தைப் பருவம்

பல் முளைக்கும் முன் ஈறுகளை ஈரமான மெல்லிய துணியால் துடைக்கலாம். பல் முளைக்கும்போது எச்சில் வடிதலும் ஈறு அரிப்பும் இயல்பு. கடும் காய்ச்சலுக்கு அது காரணமன்று; மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பால் அல்லது பழச்சாறு உள்ள புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க விடுவதால் ‘பால்புட்டிச் சொத்தை’ உண்டாகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதே இதற்குக் காரணம். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் மேல் முன்பற்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. ஈறோரம் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடு தெரிவது தொடக்க அறிகுறி. இந்நிலையிலேயே கவனித்தால் சொத்தை குழியாவதைத் தடுக்க முடியும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

பல் துலக்குதல்

முதற்பல் தோன்றியதும் துலக்கத் தொடங்க வேண்டும். 3 வயது வரை அரிசிமணி அளவும், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவும் புளோரைடு கலந்த பற்பசை போதும். காலையில் ஒருமுறையும் இரவு உறங்கும் முன் ஒருமுறையும் துலக்க வேண்டும். இரவில் துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் தரக்கூடாது. ஏறத்தாழ 7 அல்லது 8 வயது வரை குழந்தையால் தானாக எல்லாப் பற்களையும் சுத்தமாகத் துலக்க இயலாது. பெரியவர் உதவ வேண்டும். கரித்தூள், செங்கல் பொடி போன்றவை எனாமலைத் தேய்த்துவிடும்.

புளோரைடு எனாமலை வலுப்படுத்துகிறது. ஆனால் பல் உருவாகும் வயதில் அது அளவுக்கு மிஞ்சி உடலில் சேர்ந்தால் பற்களில் வெண்திட்டுகளோ பழுப்புக் கறையோ ஏற்படும். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே புளோரைடு மிகுந்துள்ளதால் இப்பாதிப்பு காணப்படுகிறது.

ஆறு வயதுக் கடைவாய்ப்பல்

முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் எந்தப் பால்பல்லும் விழாமலேயே கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கிறது. அதனால் பெற்றோர் பலர் இதையும் பால்பல் என்றே கருதி, சொத்தை வந்தாலும் விட்டுவிடுகின்றனர். இப்பல்லை இழந்தால் மீண்டும் முளைக்காது. இதன் மேற்பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களில் உணவு தங்கும். பல் முளைத்ததும் பல் மருத்துவர் இப்பள்ளங்களை மெல்லிய பூச்சால் அடைத்துச் சொத்தையைத் தடுக்க முடியும்.

சொத்தையால் ஒரு பின்புறப் பால்பல்லை முன்கூட்டியே எடுக்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்கு நகர்ந்து நிரந்தரப் பல் கோணலாக வரக்கூடும். இதைத் தவிர்க்க இடங்காப்புக் கருவி பொருத்தப்படுகிறது.

பதின்ம வயது

பூப்புக் கால இயக்குநீர் மாற்றங்களால் ஈறுகள் எளிதில் வீங்கி இரத்தம் கசியலாம். இரத்தத்தைக் கண்டு துலக்குவதை நிறுத்தினால் வீக்கம் கூடும். மென்மையாகத் தொடர்ந்து துலக்க வேண்டும். பல் சீரமைப்புக் கம்பி அணிந்தவர்கள் கம்பியைச் சுற்றிக் கூடுதலாகச் சுத்தம் செய்ய வேண்டும். குளிர்பானங்களில் சர்க்கரையோடு அமிலமும் இருப்பதால் எனாமல் இருவகையில் கெடுகிறது. புகையிலையும் பாக்கும் இவ்வயதிலேயே பழக்கமாகும் வாய்ப்புள்ளதால் முன்னெச்சரிக்கை தேவை.

பல் பெயர்ந்துவிட்டால்

விளையாட்டில் அடிபட்டு நிரந்தரப் பல் முழுதாகப் பெயர்ந்துவிட்டால், வேர்ப்பகுதியைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கு இருந்தால் தேய்க்காமல் அலசி, அதே குழியில் பொருத்தலாம். இயலாவிட்டால் பாலில் இட்டு உடனே பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சென்றால் பல் மீண்டும் பொருந்தும் வாய்ப்பு அதிகம். பெயர்ந்த பால்பல்லை மீண்டும் பொருத்தக்கூடாது. அது உள்ளே வளரும் நிரந்தரப் பல்லைச் சேதப்படுத்தும்.