திரையில் தெரியும் கட்டடம்

சில மாதங்களுக்கு முன் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்தித்து வந்தபோது, ஒரு தாய் என்னிடம் முறையிட்டார். "சுவாமி, கடன் வாங்கி மகளைக் கட்டடப் பொறியியல் படிக்க வைத்திருக்கிறோம். கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்கிறாள். ஆனால் வீட்டு மூலையில் உட்கார்ந்து கணினியைத் திறந்துகொள்கிறாள். இதுவும் ஒரு படிப்பா?"

அந்தத் தாயின் ஐயம் நியாயமானதே. கரையில் நின்றுகொண்டே நீச்சல் கற்றவர் உண்டோ? ஆயினும், ஒன்றைப் பழிக்குமுன் அது இன்னதென்று அறிந்துகொள்வது நம் கடமையன்றோ!

'மெய்நிகர் களப்பயணம்' என்று இதற்குப் பெயர். சுற்றுப்புறம் முழுவதையும், அதாவது 360 பாகையையும், ஒருசேரப் பதிவு செய்யும் கேமராவை வேலை நடக்கும் இடத்தில் ஆங்காங்கே நிறுத்திப் படமெடுக்கிறார்கள். அப்படங்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், மாணவர் திரையிலேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நடந்து செல்லலாம். மேலும் கீழும் பின்னும் திரும்பிப் பார்க்கலாம். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய்த்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, பல நாடுகளின் ஆசிரியர்கள் இம்முறையை நாடினர்.

இதனால் விளையும் நன்மைகள் சிறியவை அல்ல. ஐம்பது, அறுபது மாணவர்களைக் களத்திற்கு அழைத்துச் சென்றால், இயந்திர இரைச்சலில் பின்வரிசையில் நிற்பவர் காதில் ஒன்றும் விழாது. சாரத்தில் ஏற இயலாத மாற்றுத்திறனாளி மாணவர் கீழேயே நின்றுவிட நேரும். மேலும், ஒரு நாள் சென்றால் வேலையின் ஒரு கட்டத்தை மட்டுமே காணலாம். காங்கிரீட் இட்டபின் உள்ளிருக்கும் கம்பியை யார் காண்பார்? வாரந்தோறும் எடுத்த படங்கள் இருப்பின், மறைந்துபோன கம்பியையும் மீண்டும் பார்க்கலாம்.

ஒளிக்கதிரைச் செலுத்தித் தொலைவை அளக்கும் கருவியும் இத்துறைக்குத் துணை நிற்கிறது. ஆண்ட்ரூ டாலன் என்னும் அமெரிக்கக் கலைவரலாற்றுப் பேராசிரியர், பாரிஸ் நகரின் நோட்ரே டாம் பேராலயத்தை இவ்வாறு அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவு செய்தார். 2018-இல் அவர் மறைந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று பேராலயத்தின் கூரை தீக்கிரையானது. அவர் விட்டுச்சென்ற அளவுகள் சீரமைத்தோருக்கு உதவின. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

அப்படியானால் திரை ஒன்றே போதுமா? இதற்கு விடை அந்த வீட்டிலேயே கிடைத்தது.

படத்தில் உள்ள குறையைக் கண்டுபிடிக்குமாறு ஆசிரியர் பணித்திருந்தார். மகள் மூன்று முறை பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கொத்தனார் வேலை செய்யும் தந்தை, அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தூணுக்குக் கட்டிய கம்பி பலகையை ஒட்டி நிற்கிறதே, கவர் பிளாக் எங்கே?" என்றார். அதுவே விடை! கம்பியைப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் சிறு கட்டை அது. தூண்களில் கம்பிக்கு வெளியே பொதுவாக 40 மில்லிமீட்டர் காங்கிரீட்டாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. இல்லையேல் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துத் தூணையே பிளக்கும்.

அடுத்த விடுமுறையில் தந்தை மகளைத் தாம் வேலை செய்யும் இடத்திற்கு அழைத்துச் சென்றார். 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பில் காங்கிரீட்டை நிரப்பி, அது எவ்வளவு சரிகிறது என்று அளக்கும் சோதனையை அவள் நூலில் படித்திருந்தாள். தந்தையோ கலவையை மண்வெட்டியால் ஒருமுறை புரட்டியதுமே, "தண்ணீர் அதிகம்" என்றார். நீர் மிகுந்தால் வலிமை குன்றும் என்ற பாடத்தை அன்று அவள் கைகளே கற்றன. தலையில் சட்டி சுமந்து ஏறிய பெண்களின் மூச்சிரைப்பையும் அன்றுதான் கேட்டாள். திரையில் அந்த ஓசை இல்லை.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். பொறியாளரின் படிப்பு வெறும் மதிப்பெண்ணுக்கானது அன்று. பிறருடைய உயிருக்கு அவர் ஏற்கும் பொறுப்பு அது.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகள் திரையில் கற்பதைத் தடுக்காதீர்கள். அதோடு நின்றுவிடவும் விடாதீர்கள். முதலில் திரையில் பார்க்கட்டும். பின்னர்க் களத்திற்குச் செல்லட்டும். திரும்பி வந்து மீண்டும் திரையில் பார்க்கட்டும். முன்பு காணாதவற்றை அப்போது காண்பார்கள். உங்கள் தெருவில் ஒரு கொத்தனாரோ கம்பி கட்டுபவரோ இருப்பின், அவரருகில் ஒரு நாள் பணிவோடு நிற்கச் சொல்லுங்கள். பட்டம் பெறாத அப்பெருமக்களும் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே!